வன்னியிலிருந்து நடைபயணம் புறப்படுவோருக்கு: முதுகுப்பை வாங்கும் முறை

பகல் நடைக்கும் ஓரிரவுத் தங்கலுக்கும் பொருத்தமான முதுகுப்பை ஒன்றைத் தேடி வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் பின்னர் கொழும்பிலும் கடை கடையாக ஏறி இறங்கிய பிறகே இதனை எழுதுகிறேன். அந்த அலைச்சலும் அதற்கான செலவும் உங்களுக்கு மிச்சமாகட்டும். இணையத்தில் கிடைக்கும் ஆலோசனைகளில் பெரும்பாலானவை குளிர்நாட்டு மலைகளில் நடப்பவர்களுக்காக எழுதப்பட்டவை. அங்கே வழியில் ஓடைநீர் கிடைக்கும்; இரவில் தடித்த உறக்கப்பை இல்லாமல் படுக்க முடியாது. நம்முடைய நிலைமை ஏறக்குறைய நேர்மாறானது. சித்திரை கழிந்து மாரி தொடங்கும் வரை வன்னியின் ஓடைகள் பெரும்பாலும் காய்ந்து கிடக்கும் என்பதால், குடிநீர் முழுவதையும் வீட்டிலிருந்தே சுமந்து செல்ல வேண்டும். இரவுக்கோ ஒரு சாரமும் மெல்லிய போர்வையும் நுளம்பு வலையும் போதும்.

ஆகையால், இங்கிருந்து நடப்பவருடைய பை தண்ணீரின் பாரத்தைக் கருத்திற்கொண்டு தெரிவுசெய்யப்பட வேண்டும். தண்ணீர் இடத்தை அதிகம் பிடிக்காது, ஆனால் ஒவ்வொரு லீற்றரும் ஒரு கிலோ. பையின் கொள்ளளவைப் பற்றிக் கடைக்காரர் சொல்வதைவிட, அந்தப் பாரத்தை உங்கள் இடுப்பு தாங்குமா, தோள் தாங்குமா என்பதே பெரிய கேள்வி.

கட்டுக்கரைக்குளம், சுண்டிக்குளம் போன்ற இடங்களில் பறவை பார்த்து நடப்பவர்களுக்கும், சிவனொளிபாதமலை, ஹோட்டன் சமவெளி, நக்கிள்ஸ் மலைத்தொடர் ஆகியவற்றுக்கு முதன்முறை போக நினைப்பவர்களுக்கும் இது உதவும். கதிர்காமப் பாதயாத்திரை போன்ற நீண்ட நடைக்கு இது பொருந்தாது. ஆனால் பாதயாத்திரை போய்வந்த ஒருவர் உங்கள் ஊரில் இருந்தால் அவரிடம் ஒரு மாலை பேசிப் பாருங்கள். எதை வீட்டிலேயே விட்டுச் செல்லலாம் என்பதை அவரைவிட நன்றாகச் சொல்லக்கூடியவர் கிடைக்கமாட்டார்.

1. பையைக் கடைசியாக வாங்குங்கள்

புதியவர்கள் முதலில் பையை வாங்கிவிட்டுப் பிறகு அதை நிரப்பப் பொருள் தேடுகிறார்கள். பெரிய பை வீட்டில் இருந்தால் அது நிரம்பியே தீரும். எனவே கொண்டு செல்லப்போகும் பொருட்கள் அனைத்தையும், இரவல் வாங்கியாவது, முதலில் ஓரிடத்தில் சேர்த்து நிறுத்துப் பாருங்கள். தொங்கு தராசு போதுமானது. அதுவும் இல்லையென்றால் தெரிந்த பலசரக்குக் கடையில் கேட்டால் மறுக்கமாட்டார்கள்.

பகல் நடைக்கு என் கணக்கு இது: தண்ணீர் மூன்று முதல் நான்கு லீற்றர், மதியச் சாப்பாடு, மழையங்கி, துவாய், ரோச் லைற், முதலுதவிப் பொருட்கள், நீரிழப்புக்குக் கரைத்துக் குடிக்கும் ஜீவனி இரண்டு பொட்டலம். எவ்வளவு சிக்கனமாக எடுத்தாலும் ஆறு கிலோவை நெருங்கிவிடும். அதில் பெரும்பகுதி தண்ணீர். ஓரிரவுத் தங்கலுக்குத் தண்ணீர் நான்கு கிலோ, உணவு ஒன்றேகால், சிறிய கூடாரம் இரண்டு, போர்வையும் சாரமும் முக்கால், மாற்றுடை முக்கால், சமைக்கும் பாத்திரம் அரை, வலையும் ரோச்சும் மருந்தும் சேர்ந்து இன்னொரு கிலோ என்று கூட்டினால் பத்துக் கிலோவைத் தாண்டும். பையின் சொந்த எடையான ஒன்றரைக் கிலோவையும் சேர்த்தால் பன்னிரண்டுக்கு அருகில் வந்து நிற்கும்.

நடைபயணத்தில் பரவலாகச் சொல்லப்படும் அளவு, பகல் நடைக்கு உடல் எடையில் பத்தில் ஒரு பங்கும் இரவுத் தங்கலுக்கு ஐந்தில் ஒரு பங்கும் ஆகும். அறுபது கிலோ எடையுள்ள ஒருவருக்கு அது ஆறு கிலோவும் பன்னிரண்டு கிலோவும். மேலே சொன்ன கணக்கு அந்த எல்லையில் சரியாகப் போய் முட்டுவதைக் கவனியுங்கள். ஐம்பது கிலோ எடையுள்ளவர் ஓரிரவுச் சுமையில் கூடாரத்தையோ பாத்திரத்தையோ கூட வருபவரிடம் கொடுத்தே ஆகவேண்டும். பெரிய பை வாங்குவது அதற்குத் தீர்வாகாது.

2. கொள்ளளவை நீங்களே அளந்துகொள்ளுங்கள்

நிறுத்த பொருட்களை அப்படியே ஒரு பிஸ்கட் பெட்டிக்குள் நெருக்கமாக அடுக்குங்கள். பெட்டியின் நீளம், அகலம், உயரம் ஆகியவற்றைச் சென்ரிமீற்றரில் அளந்து பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் லீற்றர் வரும். நாற்பது, முப்பது, முப்பது என்ற பெட்டி நிரம்பினால் அது 36 லீற்றர். அதற்குமேல் இரண்டு மூன்று லீற்றர் இடைவெளி விட்டுக்கொண்டால் உங்களுக்குத் தேவையான அளவு கிடைத்துவிடும்.

வெளிநாட்டு ஆலோசனைகளில் பகல் நடைக்கு 15 முதல் 20 லீற்றர் போதும் என்றிருக்கும். நான்கு லீற்றர் தண்ணீரைச் சுமப்பவருக்கு அது போதாது. 22 முதல் 28 லீற்றர் வரை தேவைப்படும். ஓரிரவுக்கு அவர்கள் சொல்லும் 50 லீற்றர் நமக்கு வேண்டியதில்லை. வன்னிக்குள் 35 லீற்றரில் முடித்துவிடலாம். மலைநாட்டுக் குளிருக்குக் கம்பளி உடையும் உறக்கப்பையும் எடுப்பதாயின் 40 முதல் 45 வரை போகலாம். ஒரே ஒரு பைதான் வாங்க முடியும் என்றால், இருபுறமும் இழுத்துச் சுருக்கும் பட்டிகள் கொண்ட 35 லீற்றர் பையை வாங்குங்கள். பாதி நிரம்பிய பையின் உள்ளே பொருட்கள் ஆடாமல் அந்தப் பட்டிகள் இறுக்கிப் பிடிக்கும்.

இங்கே ஒரு பொறி உண்டு. பையில் தைத்திருக்கும் எண்ணை நம்ப வேண்டாம். நகரத்துக் கடைகளில் “60 லீற்றர்” என்று பொறித்துத் தொங்கும் பைகளில் சில, அளந்து பார்த்தால் நாற்பதைக்கூட எட்டுவதில்லை. அளவு நாடா ஒன்றைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போய், பெட்டிக்குச் செய்த கணக்கையே பைக்கும் செய்யுங்கள். வளைவுகள் இருப்பதால் பைக்கு வரும் விடை சற்றுக் கூடுதலாகவே காட்டும்; அப்படியிருந்தும் எண் குறைந்தால் அந்தக் கடையை விட்டு வெளியே வாருங்கள்.

3. முதுகின் நீளத்தை வீட்டிலேயே அளந்து எழுதி வையுங்கள்

பை பொருந்துவதை உங்கள் உயரம் தீர்மானிப்பதில்லை, முதுகின் நீளமே தீர்மானிக்கிறது. ஒரே உயரமுள்ள அண்ணனுக்கும் தம்பிக்கும் ஒரே பை பொருந்தாமல் போவது இதனால்தான்.

அளப்பதற்கு இன்னொருவருடைய உதவி வேண்டும். தலையை முன்னே குனிந்தால் கழுத்தின் அடியில் ஒரு எலும்பு புடைத்து நிற்கும். அதுதான் தொடக்கப் புள்ளி. பிறகு இரண்டு கைகளையும் இடுப்பு எலும்பின் மேல்விளிம்பில் வைத்து, பெருவிரல்கள் முதுகுப் பக்கம் வரும்படி பிடியுங்கள். இரு பெருவிரல்களுக்கும் நடுவே முதுகெலும்பைக் கடக்கும் கோடு முடிவுப் புள்ளி. தையற்காரரின் நாடாவை முதுகின் வளைவோடு ஒட்ட வைத்து இந்த இரண்டுக்கும் இடையிலுள்ள தூரத்தை எடுங்கள். வளர்ந்தவர்கள் பலருக்கு இது 40 முதல் 50 சென்ரிமீற்றருக்குள் இருக்கும்.

பெண்கள் இந்த அளவோடு இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ஆண்களுக்கென அமைந்த பையின் தோள்பட்டிகள் நேராக இறங்கி மார்பில் அழுத்தும். வளைந்து விலகிச் செல்லும் பட்டிகளும் குறுகிய முதுகும் கொண்ட பைகள் தனியாக வருகின்றன. கடையில் அப்படியொன்று இல்லையென்றால், ஆண்களுக்கான சிறிய அளவை அணிந்து பார்த்தே முடிவுசெய்யுங்கள். விற்பவர் “எல்லாருக்கும் ஒரே அளவுதான்” என்று சொன்னால், முதுகின் நீளத்தை மாற்றும் வசதி அந்தப் பையில் உள்ளதா என்று கேளுங்கள். அது இருந்தால் அவர் சொல்வது ஓரளவு உண்மை.

4. இடுப்புப் பட்டை: இங்கேதான் காசு செலவழிய வேண்டும்

நன்றாகப் பொருந்திய பையில் பாரத்தின் பெரும்பகுதி, ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கோ அதற்கு மேலோ, இடுப்பெலும்பின் மீது இறங்கும். தோள்பட்டிகள் பை பின்னால் சாயாமல் பிடித்துக்கொள்ளும் வேலையைத்தான் செய்யும். இதற்கு இரண்டு உறுப்புகள் தேவை. முதலாவது, ஸ்பொஞ் வைத்துத் தைத்த, உள்ளங்கை அகலமான இடுப்புப் பட்டை. இரண்டாவது, பாரத்தைத் தோளிலிருந்து அந்தப் பட்டைக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும் சட்டகம். அது அலுமினியத் தகடாகவோ கம்பியாகவோ விறைப்பான பிளாஸ்ரிக் பலகையாகவோ இருக்கும். சட்டகமில்லாத பையில் எவ்வளவு தடித்த பட்டை இருந்தாலும், பாரம் ஏறியதும் பை மடிந்து தோளிலேயே தொங்கும்.

பாடசாலைப் பை போன்றவற்றில் இரண்டு விரல் அகல நாடா ஒன்றை இடுப்புக்குத் தைத்திருப்பார்கள். அது பை ஆடாமல் பிடிக்கும், பாரத்தைத் தாங்காது. ஐந்து கிலோ வரை இது ஒரு குறையாகத் தெரியாது. எட்டுக் கிலோவைக் கடந்ததும், வெயிலில் இரண்டாவது மணித்தியாலத்தில், கழுத்துக்கும் தோளுக்கும் இடையில் பிடிப்பு ஏற்பட்டு நடையே வெறுத்துப் போகும். என் முடிவு இதுதான்: ஆறு கிலோவுக்கு உட்பட்ட பகல் நடை மட்டும் என்றால் சட்டகம் வேண்டாம்; இரவுத் தங்கல் ஒன்றேனும் இருந்தால் சட்டகமும் ஸ்பொஞ் பட்டையும் கட்டாயம். துணியிலும் நிறத்திலும் நிறுவனப் பெயரிலும் விட்டுக்கொடுக்கலாம், இதில் விட்டுக்கொடுக்க வேண்டாம்.

முதுகுப் பகுதி பற்றியும் ஒரு சொல். முதுகில் ஒட்டாமல் வலைத்துணியை இழுத்துக் கட்டி, நடுவில் காற்றோட விடும் பைகள் இப்போது பரவலாக விற்பனையாகின்றன. வன்னி வெயிலில் முதுகு காய்ந்திருப்பது பெரிய ஆறுதல்தான். ஆயினும் அந்த இடைவெளி பாரத்தை உடலிலிருந்து பின்னே தள்ளுவதால், பத்துக் கிலோ ஏற்றினால் பின்னிருந்து யாரோ இழுப்பது போலிருக்கும். பகல் பைக்கு அதை வாங்குங்கள். இரவுப் பைக்கு, நடுவே வாய்க்கால் விட்டுத் தைத்த ஸ்பொஞ் முதுகே நல்லது.

5. துணி, சிப், முள்

நைலோன் துணியின் நூல் தடிப்பைத் தெனியர் என்ற அளவில் குறிப்பார்கள். 210 தெனியர் நைலோன் பகல் பைக்குப் போதும்; அடியில் 420 இருந்தால் நல்லது. பொலியெஸ்டர் என்றால் 600 வரை எதிர்பார்க்கலாம். அது சற்றுப் பாரமானது, விலை குறைவானது, முரட்டுக் கையாளலைத் தாங்கும். சிறு சதுரங்களாகக் கோடு ஓடும் துணியில் கிழிசல் விழுந்தாலும் அது தொடர்ந்து ஓடாது.

வன்னிக் காட்டுக்குத் தனியாகச் சொல்ல வேண்டியது பக்கப் பைகளைப் பற்றி. இன்றைய பைகளில் தண்ணீர்ப் போத்தல் வைக்கும் பக்கப் பைகள் இழுபடும் வலைத்துணியால் தைக்கப்படுகின்றன. கடையில் பார்க்க அழகாக இருக்கும். சூரை முள்ளும் காரை முள்ளும் இருபுறமும் நீட்டி நிற்கும் ஒற்றையடிப் பாதையில் ஒரு நாள் நடந்தால் அந்த வலை நூல் நூலாகப் பிரிந்து தொங்கும், போத்தல் எங்கோ விழுந்திருக்கும். பையின் துணியாலேயே தைத்த பக்கப் பைகளைத் தேடுங்கள். அவை ஒன்றரை லீற்றர் போத்தலைக் கழுத்து வரை விழுங்க வேண்டும். பையைக் கழற்றாமலே கை எட்டி எடுக்க முடிய வேண்டும். உறிஞ்சுகுழாய் பொருத்திய தண்ணீர்ப் பைகளும் உண்டு. நடந்துகொண்டே குடிக்க வசதிதான், ஆனால் எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்பது கண்ணுக்குத் தெரியாது. நீர் கிடைக்காத பாதையில் எனக்கு அது ஒத்துவரவில்லை.

சிப்பின் பற்கள் தடித்தவையாக இருக்கட்டும். முல்லைத்தீவுக் கடற்கரை மணலும் நம் செம்மண் தூசியும் மெல்லிய சிப்பைச் சீக்கிரம் தின்றுவிடும். வாயைக் கயிற்றால் சுருக்கி மேலே மூடி போட்டுக் கட்டும் பைகளில் அந்தக் கவலையே இல்லை; அடியிலுள்ள பொருளை எடுக்க எல்லாவற்றையும் கொட்ட வேண்டும் என்பது அதற்கான விலை.

நிறம் உங்கள் விருப்பம், ஒரு விலக்கைத் தவிர. படையினரின் உருமறைப்புத் துணியாலோ அதைப் போன்ற அச்சுத் துணியாலோ தைத்த பையை வாங்கவே வேண்டாம். விலை குறைவாகவும் உறுதியாகவும் இருக்கும் என்று சொல்லித் தருவார்கள். சோதனைச் சாவடியில் அது எங்கிருந்து வந்தது என்று விளக்கிக்கொண்டு நிற்கும் நேரத்தில் உங்கள் பேருந்து போய்விடும்; சட்டச் சிக்கலுக்கும் இடமுண்டு.

6. மழையும் பொலித்தீனும்

“நீர் புகாத பை” என்று விற்கப்படுபவற்றில் துணி நீரைத் தடுக்கும், தையல்துளை தடுக்காது. பைக்கு மேலே போடும் மழையுறை நெடுஞ்சாலையில் பயன்படும். முட்பாதையில் கிழியும், காற்றில் பறக்கும், முதுகு வழியாக இறங்கும் நீரைத் தடுக்காது. பையின் உள்ளே ஒரு பெரிய தடித்த உறையை விரித்து, பொருட்களை அதற்குள் போட்டு, வாயைச் சுருட்டிக் கட்டுவதே நம்பகமானது.

வன்னிக்குள் தடித்த பொலித்தீன் உறை போதும். ஹோட்டன் சமவெளிக்குப் போவதானால் அது உதவாது. அங்கே நுழைவாயிலில் பைகளைத் திறந்து பார்த்துப் பொலித்தீனை வெளியே எடுத்துவிடுவார்கள். தண்ணீர்ப் போத்தலில் ஒட்டியிருக்கும் தாளைக்கூட உரித்து எடுப்பதுண்டு. எனவே சுருட்டிக் கொளுவும் துணி உறை ஒன்றை வாங்குங்கள், சாப்பாட்டை மூடியுள்ள பெட்டியிலோ வாழையிலையிலோ கட்டுங்கள். அதிகாலையில் வரிசையில் நின்று, பின்னால் நிற்பவர்கள் முறைக்க, பையைக் கொட்டி மறுபடி அடுக்கும் வேலை மிச்சமாகும்.

7. எங்கே வாங்குவது, என்ன செலவாகும்

நான்கு வழிகள் உண்டு. ஒவ்வொன்றிலும் ஒரு பொறி இருக்கிறது.

வவுனியா, கிளிநொச்சி, மன்னார் நகரக் கடைகளில் பாடசாலைப் பையும் பயணப் பையும்தான் பெரும்பாலும் கிடைக்கும். சில ஆயிரம் ரூபாவில் முடிந்துவிடும். பகல் நடைக்கு இது போதும். தோள்பட்டி பையோடு சேரும் இடத்தில் தையல் ஒற்றை ஓட்டமாக இருந்தால், பயணத்துக்கு முன்பே சப்பாத்துத் தைப்பவரிடம் கொடுத்து இரட்டைத் தையலும் குறுக்குத் தையலும் போட்டுக்கொள்ளுங்கள். பையின் விலையோடு ஒப்பிட்டால் அந்தக் கூலி ஒரு பொருட்டல்ல.

கொழும்பில் நடைபயணப் பொருட்களுக்கென்றே கடைகள் உள்ளன. சட்டகமும் இடுப்புப் பட்டையும் கொண்ட உண்மையான பை ஐந்து இலக்க விலையில் தொடங்கும். அத்துடன் போய்வரும் பயணச் செலவு, சாப்பாடு, இழக்கும் ஒரு நாள் சம்பளம் ஆகியவற்றையும் பையின் விலையாகவே எண்ண வேண்டும். பொருந்தவில்லையென்றால் மாற்றுவதற்கு இன்னொரு முறை போக நேரும் என்பதால், வேறு அலுவலோடு சேர்த்துப் போங்கள். அவசரப்பட்டு மாலைப் பேருந்துக்கு முந்திய அரை மணித்தியாலத்தில் வாங்காதீர்கள். புறக்கோட்டை நடைபாதையில் பெயர்பெற்ற நிறுவனங்களின் சின்னம் தைத்த போலிகள் ஏராளம். போலி என்பதற்காக மட்டும் தள்ள வேண்டாம். சட்டகம் இருக்கிறதா, பட்டை பாரம் தாங்குமா என்று பாருங்கள். பெரும்பாலும் அவை அந்த இடத்தில்தான் தோற்கும்.

இணையத்தில் வாங்குவது மூன்றாவது வழி. பொருள் வந்த பிறகு பணம் கொடுக்கும் முறையில் வாங்கினாலும், பொதியைத் திறந்து பார்த்துவிட்டுப் பணம் தர விநியோகிப்பவர் பொதுவாக விடமாட்டார். படத்தில் இருந்த இடுப்புப் பட்டை பொதியில் இல்லாதிருந்த அனுபவம் எனக்கு உண்டு. அப்போது உதவியது, திறக்கும்போது தொலைபேசியில் எடுத்த காணொளி. வெளிநாட்டுத் தளத்திலிருந்து வரவழைத்தால் சுங்க வரிகளும், 2024 ஜனவரியிலிருந்து 18 வீதமாக உள்ள பெறுமதி சேர் வரியும் விலையோடு சேரக்கூடும். தளத்தில் காட்டும் தொகையை முடிவான விலை என்று எண்ணாதீர்கள்.

நான்காவது, வெளிநாட்டிலிருந்து வரும் உறவினர். நம்மவர்களில் பலருக்கு இதுவே மலிவான வழியும் நல்ல பொருளுக்கான வழியும். ஆனால் கனடாவிலிருந்து வரும் சித்தப்பாவிடம் “ஒரு நல்ல பை” என்று மட்டும் சொன்னால், அன்பின் மிகுதியால் 65 லீற்றர் பையோடு வந்து இறங்குவார். முதுகின் நீளம், இடுப்புச் சுற்றளவு, தேவையான லீற்றர் ஆகிய மூன்றையும் எழுதி அனுப்புங்கள். பைக்குள்ளேயே துணிமணிகளை அடைத்துக் கொண்டுவந்தால் அவருக்கு இடமும் மிச்சம். விமானத்தில் பொதியாகப் போடுவதானால் பட்டிகளை உள்ளே மடித்து, இன்னொரு உறையால் மூடச் சொல்லுங்கள். தொங்கும் பட்டியும் கொளுக்கியும் சுமைகளை ஏற்றி இறக்கும்போது உடைவதுண்டு.

பழைய பை கிடைத்தால் உட்புறத்தைத் தடவிப் பாருங்கள். விரலில் பிசுபிசுப்போ வெள்ளைச் செதிலோ ஒட்டினால் நீர்காப்புப் பூச்சு சிதையத் தொடங்கிவிட்டது. எவ்வளவு மலிவென்றாலும் வேண்டாம்.

8. கடையில் அரை மணித்தியாலம் செலவழியுங்கள்

வெறும் பை எல்லாருக்கும் பொருந்தும். எட்டுக் கிலோ ஏற்றிய பிறகே அணிந்து பார்க்க வேண்டும். நடைபயணக் கடைகளில் இதற்கென எடைப்பைகள் வைத்திருப்பார்கள். இல்லையென்றால் பக்கத்துக் கடையில் ஐந்து லீற்றர் தண்ணீர்க் கலன் ஒன்றும் ஒன்றரை லீற்றர் போத்தல்கள் இரண்டும் வாங்கி உள்ளே வையுங்கள்.

அணியும் ஒழுங்கும் முக்கியம். எல்லாப் பட்டிகளையும் தளர்த்திவிட்டுத் தொடங்குங்கள். முதலில் இடுப்புப் பட்டையை, அதன் நடு இடுப்பெலும்பின் விளிம்பில் அமரும்படி வைத்து இறுக்குங்கள். வயிற்றில் கட்டினால் அது மூச்சைத்தான் பிடிக்கும். அடுத்துத் தோள்பட்டிகளை, தோளைச் சுற்றி இடைவெளி விழாத அளவுக்கு மட்டும் இழுங்கள். மேலே தோளிலிருந்து பையின் உச்சிக்குப் போகும் சிறு பட்டி இருந்தால், அது சரிவாக ஏறி நிற்கும் வரை மெல்ல இழுங்கள். கடைசியாக மார்புப் பட்டி, காறை எலும்புக்கு இரண்டு மூன்று விரற்கடை கீழே. இப்போது தோள்பட்டிக்கு அடியில் விரலை நுழைத்துப் பாருங்கள். எளிதாக நுழைந்தால் பாரம் இடுப்பில் இறங்கிவிட்டது என்று பொருள்.

அப்படியே இருபது நிமிடம் நடங்கள், படி இருந்தால் ஏறி இறங்குங்கள், குனிந்து சப்பாத்து நாடாவைக் கட்டுங்கள். கடைக்காரர் பொறுமை இழப்பார். பரவாயில்லை.

9. ஆவணங்கள்

பற்றுச்சீட்டு இல்லாமல் எதையும் வாங்க வேண்டாம். அதில் பையின் பெயர், அளவு, திகதி ஆகியவை எழுதப்பட்டிருக்க வேண்டும். வெப்பத்தாளில் அச்சிட்டது சில மாதங்களில் வெளுத்துவிடும் என்பதால் அன்றே படம் எடுத்து வையுங்கள். உத்தரவாத அட்டையில் கடையின் முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். வெளிநாட்டில் வாங்கிய பையின் உத்தரவாதத்தை இங்கே ஏற்காமல் போகலாம், ஆனாலும் அந்தச் சீட்டை வாங்கிக்கொள்ளுங்கள். கடைக்காரர் முறைகேடாக நடந்தால் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 என்ற இலக்கத்துக்கு முறையிடலாம்.

பைக்குள் இருக்க வேண்டிய ஆவணங்கள் வேறு. தேசிய அடையாள அட்டை எப்போதும் கையிருப்பில் வேண்டும். தேசியப் பூங்காக்களில் உள்நாட்டவருக்கான நுழைவுக் கட்டணத்துக்கும் அதைக் கேட்கலாம். பூங்காவுக்குள் இரவு தங்குவதற்கு வனஜீவராசிகள் திணைக்களத்தின் முன்பதிவும், ஒதுக்குக் காடுகளில் தங்குவதற்கு வனவளத் திணைக்களத்தின் அனுமதியும் முன்கூட்டியே பெறப்பட வேண்டும்; வாசலில் போய்க் கேட்கலாம் என்று நம்பிப் புறப்படாதீர்கள். இவற்றை வைக்க மூடியின் உட்புறத்தில் சிப் வைத்த சிறு அறை ஒன்று உங்கள் பையில் இருக்க வேண்டும். வெளிப்புற அறையில் வைத்தால் நெரிசலான பேருந்தில் அது உங்களுடையதாக இருக்கும் என்பதற்கு உத்தரவாதமில்லை.

10. அடுக்குவதும் ஒத்திகையும்

போர்வையும் மாற்றுடையும் அடியில். தண்ணீரும் உணவும் கூடாரமும் நடுவில், முதுகை ஒட்டி. மழையங்கி, ரோச், மருந்து ஆகியவை மேலே. பாரமான பொருள் முதுகிலிருந்து விலகினால் பை பின்னே இழுக்கும். இரண்டு பக்கமும் ஒரே எடை இல்லையென்றால் ஒரு தோள் மட்டும் நோகும். பைக்கு வெளியே குவளை, செருப்பு, பாய் என்று தொங்கவிடும் பழக்கம் நம்மிடம் உண்டு. பேருந்தின் மிதிபலகையிலும் முட்செடியிலும் அவை மாட்டும். எல்லாம் உள்ளே போக வேண்டும். போகாதவை வீட்டில் நிற்க வேண்டும்.

ஒத்திகைக்கு நம்மிடம் இருக்கும் நல்ல இடம் குளக்கட்டு. இரணைமடுவோ வவுனிக்குளமோ பாவற்குளமோ, வீட்டுக்கு அண்மையிலுள்ள எந்தக் கட்டிலும் முழுப் பாரத்தோடு காலையில் இரண்டு மணித்தியாலம் நடந்து பாருங்கள். பயணத்துக்கு இரண்டு வாரம் இருக்கும்போதே இதைச் செய்தால் பட்டியை மாற்றவும் தையல் போடவும் நேரம் கிடைக்கும். சிவனொளிபாதமலைக்குப் போகிறவர்கள் மாடிப்படி ஏறியும் பழக வேண்டும். 2,243 மீற்றர் உயரமுள்ள அந்த மலைப் பாதையில் படிகள் ஆயிரக்கணக்கில் உள்ளன, தட்டையான நிலத்தில் பழகிய கால்களுக்கு இறங்குவது ஏறுவதைவிடக் கடினம். அங்கு பருவகாலம் மார்கழி முழுமதியில் தொடங்கி வைகாசி முழுமதியில் முடியும். பலர் இரவில் ஏறுவதால், வியர்வையில் நனைந்த சட்டையை உச்சியில் மாற்றிக்கொள்ள உலர்ந்த உடை ஒன்றைப் பையின் மேற்பகுதியில் வையுங்கள்.

காட்டுவழியில் ஓய்வெடுக்கும்போது பையைப் பாதையின் மேலேயே இறக்கி வையுங்கள். நிழல் தேடிப் பற்றைக்குள் போட வேண்டாம். பாம்பும் உண்ணியும் ஒரு காரணம். கண்ணிவெடி அகற்றும் பணி இன்னும் முடியாத பகுதிகள் வன்னியில் இருப்பது அதைவிடப் பெரிய காரணம். மண்டையோடு வரைந்த சிவப்புப் பலகை தெரிந்தால் அதற்கு அப்பால் ஓர் அடியும் வைக்கக் கூடாது. இரவில் பழமும் உப்பும் உள்ள பையைத் தலைமாட்டில் வைத்துப் படுக்காதீர்கள். யானைக்கு மோப்பம் அதிகம்.

11. திரும்பி வந்த பிறகு

வியர்வை உப்பு படிந்த பட்டிகளைச் சாதாரண தண்ணீரில் கழுவி, நிழலில், தலைகீழாகத் தொங்கவிட்டு உலர்த்துங்கள். சலவை இயந்திரத்தில் போட்டால் பூச்சு போய்விடும். நேர்வெயிலில் காயவிட்டால் நைலோன் நலியும். சிப்பிலுள்ள மணலைப் பழைய பற்தூரிகையால் தட்டி எடுங்கள். மாரி காலத்தில் பெட்டிக்குள்ளோ கட்டிலுக்கடியிலோ மடித்து வைத்தால் பூஞ்சணம் பிடிக்கும், உட்பூச்சும் ஒட்டத் தொடங்கும். எனவே எல்லா அறைகளையும் திறந்தபடி காற்றோட்டமான இடத்தில் கொளுவி வையுங்கள். உணவுத் துணுக்கு ஒன்று கிடந்தாலும் எலி பையைத் துளைத்தே உள்ளே போகும் என்பதால், கொளுவுவதற்கு முன் ஒருமுறை கவிழ்த்து உதறுங்கள். உடைந்த பிளாஸ்ரிக் கொளுக்கிக்கு மாற்றுக் கொளுக்கி தையற்பொருள் விற்கும் கடைகளில் கிடைக்கும். வாங்கப் போகும்போது பட்டியின் அகலத்தை அளந்து கொண்டு போங்கள். 20, 25, 38 மில்லிமீற்றர் என அவை வெவ்வேறு அளவுகளில் வருகின்றன, கண்ணளவில் வாங்கினால் பொருந்தாது.